ரூஹியோட போதும் கார்டு

இல்லண்ணா, திரும்பிப் பாக்காதீங்க. கண்ணாடியிலயும் வேணாம். நீங்க பாட்டுக்கு ரோட்டப் பாத்து ஆட்டோவ ஓட்டுங்க. பொண்ணு சீட்ட உதைக்கிறது உங்க முதுகுல படுதுன்னு தெரியுது, மன்னிச்சுக்கங்க. திரும்பிட்டீங்கன்னா, ஓ, உதைச்சா இந்த அங்கிள் திரும்புவாருன்னு அவளுக்குப் புரிஞ்சிரும். அப்பறம் நீலாங்கரை வரைக்கும் உதைதான். பாக்கலன்னா விட்டுருவா. மொதல்ல இன்னும் கொஞ்சம் ஓங்கி உதைப்பா. லிஃப்ட் வரலன்னா நாம பட்டன அமுக்கி அமுக்கிப் பாப்போம்ல, அந்த மாதிரி. என்னடா இது வேல செய்யலயேன்னு. அப்பறம் அவளே...

பாத்தீங்களா. விட்டுட்டா.

ஐயோ, டாக்டரும் இல்ல டீச்சரும் இல்ல. அம்மாதான். இவ பேரு ரூஹி. ஏழு வயசு. பேச்சு வரலண்ணா. காது நல்லாக் கேக்கும். நமக்குக் கேக்காததெல்லாம் இவளுக்குக் கேக்கும், அதான் பிரச்சனையே. ஆட்டிசம்னு சொல்லுவாங்க, கேள்விப்பட்டிருப்பீங்க. ஓ, உங்க தெருவுல ஒரு பையனா? அப்ப நான் ஜாஸ்தி சொல்ல வேணாம்.

பையா? ஊருக்கெல்லாம் இல்லண்ணா. எங்களுக்கு ஊரே ராயப்பேட்டதான். அது இவளோட பை. நீலாங்கரை தாண்டி இந்த மாதிரி புள்ளைங்களுக்கு ஒரு ஹாஸ்டல் இருக்குது. அங்க விடப் போறேன். அஞ்சு மணிக்கு ஆபீஸ மூடிருவாங்களாம், அதுக்குள்ள போயிரணும். அதுக்குத்தான் மணிக்கூண்டுகிட்ட ஏறும்போதே உங்கள அவசரப்படுத்துனேன். தப்பா எடுத்துக்காதீங்க.

எத்தன நாளைக்கா? அது... தெரியல. பாக்கலாம். மாசத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போகலாம்னு ஃபோன்ல சொன்னாங்க.

இது லஸ்ஸுதானே? தகரத்த அடைச்சு அடைச்சு எந்தப் பக்கம் போறோம்னே தெரியமாட்டேங்குது. நான் படிச்ச கான்வென்ட் இங்கேருந்து நடந்தா வந்துரும். இப்ப என்னைய எறக்கி விட்டா வழி தெரியாது. மெட்ரோ வந்தா எல்லாம் சரியாயிரும்ங்கறாங்க, ரூஹி கல்யாணத்துக்குள்ள வந்துரும். சிரிக்காதீங்கண்ணா, நானே சிரிக்கிறேன்.

அண்ணா, ஹாரன் மட்டும் வேணாம். ஐயோ. அடிச்சிட்டீங்க. இல்ல இல்ல, உங்கமேல தப்பில்ல, குறுக்க வந்தானே அந்த பைக்குக்காரன். காதப் பொத்திக்கிட்டா. இருங்க, நான் ஒண்ணும் பண்ணக்கூடாது. அவளே எடுக்கட்டும். எடுக்கறா. இப்பத் திரும்புங்கண்ணா. ஆமா, இப்பத் திரும்பலாம், இப்பக் கண்டிப்பாத் திரும்பணும். கைய நீட்டுறா பாருங்க, செவப்புக் கார்டு. உங்களுக்குத்தான். என்ன எழுதியிருக்குது? ஆங், போதும். ஹாரன் போதும்ங்கறா. சரிம்மான்னு சொல்லிட்டு கைய ஹாரன்லேருந்து எடுத்துருங்க. அவ்ளோதான். தேங்க்ஸ்ண்ணா. பின்னாடி பஸ்ஸுக்காரர் அடிப்பாரு, அவர ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா நீங்க நிறுத்துனீங்கல்ல. அதப் பாத்துட்டா. காதுலேருந்து கை எறங்கிருச்சு பாருங்க.

இதுக்கு முன்னாடின்னா இந்நேரம் என்ன ஆயிருக்கும் தெரியுமா? தலைய உங்க கம்பில மோதியிருப்பா. இல்ல என்னையக் கடிச்சிருப்பா. இந்தக் கையப் பாருங்க. பழைய தழும்புதான், மங்கிருச்சு. கல்யாண வீட்ல, கடையில, எங்க போனாலும் இதத்தான் பாப்பாங்க. பாத்துட்டு, அய்யோ பாவம்மா நீங்கன்னுவாங்க. நானும் துப்பட்டாவ இழுத்து மூடுற மாதிரி மூடி, கொஞ்சம் தெரிய விடுவேன். ஆமாண்ணா, விடுவேன். அது ஒரு மாதிரி வசதி.

கார்டா? அது மயிலாப்பூர்ல ஒரு கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. புள்ளைங்களுக்கு இல்ல, அப்பா அம்மாவுக்குக் கிளாஸு. சனிக்கெழம சனிக்கெழம. அன்புக்கரசி மேடம்னு ஒருத்தங்க எடுக்கறாங்க. மொத நாளே ஒண்ணு கேட்டாங்க. உங்க புள்ள என்ன பண்ணுதுன்னு யாரும் சொல்லாதீங்க, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அதுக்குப் பின்னாடி அதுக்கு என்ன கெடச்சுது, அத மட்டும் சொல்லுங்கன்னாங்க. புள்ள என்ன பண்ணுதுன்னு அழுதுட்டுச் சொல்லத்தானே எல்லாரும் வந்தது.

வீட்ல போயி கவனிச்சுப் பாத்தேன். இவ சமையக்கட்டு செவத்துல தலைய இடிப்பா. சமைக்கற நேரத்துலதான் இடிப்பா. என் மாமியார், பசிக்குது கொழந்தைக்குன்னு ஓடி வந்து பிஸ்கட் குடுப்பாங்க. பாசம்தான். பாத்தா, பசியே இல்லண்ணா. குக்கர் விசிலு. விசிலு தாங்காம இடிச்சிருக்கா. ஆனா இடிச்சா பிஸ்கட் வருது. கொஞ்ச நாள்ல விசிலே இல்லாமயும் இடிக்க ஆரம்பிச்சிட்டா. நாங்களேதான் சொல்லிக் குடுத்திருக்கோம், இடிம்மா, கெடைக்கும்னு. எனக்கு அன்னிக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. குக்கர பரண்ல தூக்கிப் போட்டுட்டு சட்டியில சோறு வடிச்சேன்.

அப்பறம்தான் கார்டு. அவளுக்கு ஒண்ணு தாங்க முடியலன்னா கடிக்க வேணாம், இத நீட்டுனாப் போதும். வீட்ல உருது, வெளிய தமிழு, ஸ்கூல்ல இங்கிலீஷு, புள்ள எதத்தான் புடிக்கும், ஒண்ணே ஒண்ணு வச்சுக்கங்கன்னாங்க மேடம். தமிழுன்னு முடிவு பண்ணோம். மாமியாருக்கு அதுல வருத்தம். லால் பத்தி காட்டுறாடி உன் பொண்ணுன்னு கிண்டல் பண்ணுவாங்க. செவப்பு லைட்டுன்னு அர்த்தம். ஆனா அவங்களும் நிப்பாங்க. நிக்கணும், அதான் ரூலு. கார்டு நீட்டுனா ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. அந்த நிமிஷம் நிறுத்தணும். நல்லதுக்குத்தானே பண்றோம், இன்னும் ஒரே ஒரு வாய் சோறுதானே, இன்னும் ஒரு பின்னல்தானேன்னு இழுக்கக் கூடாது. மொதல்ல நிறுத்து, அப்பறம் யோசி.

இதுக்கு கிளாஸ்ல பிராக்டீஸ் எல்லாம் வெச்சாங்கண்ணா. ரெண்டு ரெண்டு அம்மாவா உக்கார வெச்சு, ஒருத்தர் விடாமப் பேசணும், இன்னொருத்தர் திடீர்னு கார்ட நீட்டணும். எனக்கு ஜோடி இசக்கியம்மாள்னு ஒரு அக்கா, ஆதம்பாக்கத்துலேருந்து வர்றவங்க. அவங்க நாத்தனாரப் பத்தி ஆரம்பிச்சாங்க பாருங்க, மூச்சே விடல. அந்த நாத்தனாரு வளகாப்புக்கு வந்து என்ன பண்ணான்னா, பண்ணான்னா... நான் கார்ட நீட்டிட்டேன். அக்கா வாய் தொறந்தபடி உக்காந்திருக்காங்க. மேடம் வந்து, வாயில பாதி வார்த்த இருந்தாலும் முழுங்கிருங்கன்னாங்க. இசக்கியம்மாள் அக்கா நெஜமாவே முழுங்குனாங்கண்ணா, தொண்டைல எறங்குறது தெரிஞ்சுது. எல்லாரும் அப்பிடி ஒரு சிரிப்பு. அந்த நாத்தனாரு என்ன பண்ணான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

மந்தவெளி வந்துருச்சா. பரவால்ல, இப்ப நல்லாப் போகுது.

ஃபுல் கை சட்டையா? ஆமா, வேக்காடுதான். அது வந்து... கொசு. ஹாஸ்டல் பக்கம் கொசு ஜாஸ்தின்னாங்க. அவளுக்கு ஒண்ணும் இல்லண்ணா, பழகிருச்சு. கழட்ட வேணாம். வேணாம்ண்ணா, காத்து வருதுல்ல.

ஃபோனு என்னோடதுதான். அடிக்கட்டும். அன்புக்கரசி மேடம்தான், காலையிலேருந்து கூப்புடறாங்க. அடுத்த சனிக்கெழம புதுசா சேந்த அம்மா அப்பாங்களுக்கு நான்தான் முன்னாடி நின்னு செஞ்சு காட்டணும். கார்டு எப்பிடிப் பழக்குறதுன்னு. அந்த கிளாஸ்லயே நான்தான் நல்ல ஸ்டூடண்ட்டு. கேலி இல்லண்ணா. கான்வென்ட்லயும் அப்பிடித்தான். ஒரு நாள் கூட சிஸ்டர்கிட்டத் திட்டு வாங்குனதில்ல. பேசுறவங்க பேர போர்டுல எழுதுறது நான்தான். எது சொல்லிக் குடுத்தாலும் கரெக்டாப் பண்ணுவா ருக்சார்னு பேரு. மேடமும் அதேதான் சொல்றாங்க. ருக்சார் வீட்லதான் கடி சுத்தமா நின்னிருச்சு, அவங்கள மாதிரி பொறுமையாப் பண்ணுங்கன்னு மத்தவங்ககிட்ட சொல்லுவாங்க. பொறுமையாம். நான் தலையக் குனிஞ்சுக்குவேன். வெக்கப்படுறேன்னு நெனச்சுக்குவாங்க.

அவர் கடையில இருக்காரு. எங்க வீட்டுக்காரர். தௌசீஃபுன்னு பேரு, ஜி.பி. ரோடுல ஸ்பேர் பார்ட்ஸ் கடை. நீங்க வாங்கியிருப்பீங்க கூட. ஹாஸ்டலுக்குப் போறது தெரியும். பாக்கத்தான் போறோம்னு நெனச்சிட்டிருக்காரு. பை தெரியாது. மேடமே ஒரு தடவ பாத்துட்டு வாங்கன்னாங்கன்னு நான்தான் அவர்கிட்ட சொன்னேன். மேடம் அப்பிடி ஒண்ணும் சொல்லல. மேடத்துக்கு இது எதுவுமே தெரியாது. நீங்க ஒண்ணும் கேக்கல, நானே சொல்லிட்டிருக்கேன். பேசிட்டே போனாக் கொஞ்சம் பரவால்லண்ணா.

கேளுங்க. கேப்பீங்கன்னு தெரியும். கடி நின்னிருச்சு, மோதுறது நின்னிருச்சு, புள்ள கார்டு நீட்டிக் கேக்குது, அப்பறம் எதுக்கு ஹாஸ்டல்? அங்க நல்ல டீச்சருங்க இருக்காங்க. கீழ் வீட்ல சத்தம்னு பேசிக்கிறாங்க. நாளைக்கு இவ பெரிய பொண்ணாயிட்டா... நீங்க நம்பலல்ல. நானும் இத அவர்கிட்ட சொல்லும்போது என் கொரலே எனக்கு வேற யாரோ மாதிரி இருந்துச்சு.

நல்ல புள்ளதாண்ணா. உங்களுக்கே இந்த அரை மணி நேரத்துல தெரிஞ்சிருச்சு. ரூஹிமேல ஒரு கொறையும் இல்ல.

அதுதான் வினோதம். அவ கடிச்சிட்டிருந்த வரைக்கும் நான் அவள ஒரு அடி அடிச்சதில்ல. ரத்தம் வரும், நான் பல்லக் கடிச்சுக்கிட்டு மொகத்துல ஒண்ணும் காட்டாம நிப்பேன். காட்டக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க. கரெக்டாப் பண்ணேன். அவ நிறுத்துனா. வீடு அமைதி ஆச்சு. அப்பறம்தான் என் கை... எங்கேருந்து வருதுன்னு தெரியல. அவ தூங்காம சிரிச்சிட்டிருந்தா வரும். தண்ணியக் கொட்டுனா வரும். மாமியார் மாடிக்குத் துணி காயப் போடப் போற நேரமாப் பாத்து வரும். அந்த நேரமாப் பாத்துத்தான் வருதுன்னா, அது தானா வர்றது இல்லல்ல? மேடம் கேப்பாங்களே, முன்ன என்ன நடந்துச்சு, பின்ன என்ன கெடச்சுதுன்னு. எனக்கு நானே கேட்டுப் பாத்தேன். அடிச்சா அவ அமைதியாயிர்றா. அதான் எனக்குக் கெடைக்கிற பிஸ்கட்டு.

கொசு இல்லண்ணா. சட்டைக்குள்ள இருக்கறது.

பாலம் வந்துருச்சு. இங்க காத்து நல்லாருக்கும், அவளுக்குப் புடிக்கும். பாருங்க, மொகத்த அப்பிடியே நீட்டிக் குடுக்கறா. ஆத்துல தண்ணி கூட நெறையத்தான் போகுது.

இன்னிக்குக் காலையில ஃப்ரிட்ஜு கதவு. சின்ன விஷயம். தொறந்தா லைட்டு எரியுது, மூடுனா அணையுது, அதத் தொறந்து மூடித் தொறந்து மூடிப் பாத்துட்டிருந்தா. அதுல என்ன இருக்குது? ஒண்ணுமில்ல. நான் முதுகுல ஒண்ணு வெச்சேன். அவ திரும்புனா. கவுன் பாக்கெட்லேருந்து கார்ட எடுத்து நீட்டுனா. அவ்ளோ அழகா நீட்டுனாண்ணா. கைய நல்லா நீட்டி, என் கண்ணப் பாத்து. கண்ணப் பாக்க மாட்டா, அதுக்கே தனியா எத்தனையோ நாள் பழக்கியிருக்கோம். மேடம் பாத்திருந்தாக் கை தட்டியிருப்பாங்க. என் புள்ள எனக்குப் போதும்னு சொல்லுது. நான் நிறுத்தல. அந்தக் கையிலயே அடிச்சேன். கார்டு கீழ விழுந்துருச்சு.

கடிப்பான்னு நெனச்சேன். ஒரு தடவ கார்ட மதிக்கலன்னா போச்சு, புள்ள அத விட்டுட்டுப் பழையபடி கடிக்கத்தான் போவும்னு மேடம் திருப்பித் திருப்பி சொல்லியிருக்காங்க. கடிச்சிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். சத்தியமா. இந்தத் தழும்பு பக்கத்துல இன்னொண்ணு. எல்லாருக்கும் காட்டியிருக்கலாம்.

கடிக்கல. குனிஞ்சு அந்தக் கார்ட எடுத்தா. தொடச்சா, கவுன்லயே. மறுபடி நீட்டுனா. தப்பான பக்கம் காட்டிட்டோமோன்னு திருப்பி வேற பாத்துக்கிட்டு நீட்டுனா.

அப்பறம்தான் பைய எடுத்தேன்.

இப்பக் கண்ணாடியில பாக்குறீங்க. அவள இல்ல, என்னைய. பாருங்க, பரவால்ல. பாக்க வேண்டியது என்னையத்தான். நான் அந்த மேடத்துக்கிட்ட எந்த மொகத்தோட போயி சொல்லுவேன், சொல்லுங்க. ஹாஸ்டல்காரங்களுக்கு என்னையத் தெரியாது. அங்க யாரும் இவள அடிக்க மாட்டாங்க. அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டேன். அடிப்பாங்களான்னு நான் கேக்கவேயில்ல. எனக்குப் பயமா இருந்துச்சு, அவங்க பதிலுக்கு, நீங்க அடிப்பீங்களான்னு கேட்டுட்டா? ஃபோனு மறுபடி அடிக்குது. மேடம்தான். இவங்க வேற விட மாட்டாங்க. எடுத்து என்னன்னு சொல்றது, மேடம், உங்க நல்ல ஸ்டூடண்ட்டு பேசுறேன்னா? பாலம் எறங்குனதும் சிக்னல்ல நேராப் போங்கண்ணா, இன்னும் நேரம் இருக்குது, புடிச்சிரலாம், மணி நாலு தாண்டி...

என்னம்மா?

அண்ணா, நீங்க ஹாரன் அடிச்சீங்களா? இல்லல்ல. யாரும் அடிக்கல. பாட்டு கூட ஓடல. ரூஹி, கார்டு யாருக்கும்மா? முன்னாடி அங்கிளுக்கா? அங்கிள் ஒண்ணும் பண்ணலயே.

எனக்கா?

எனக்குத்தாண்ணா. என் கண்ணப் பாத்து நீட்டுறா. காலையில அப்பிடிப் பண்ண எனக்கு. இன்னும் என்னைய நம்பி.

சரிம்மா. சரி.

அண்ணா, அப்பிடியே ஓரமா நிறுத்திருங்க. எங்கயாச்சும், அந்த மரத்துக்கிட்ட. எதப் போதும்ங்கறான்னு தெரியல. ஃபோனா, இந்தப் போறதா, என் பேச்சா, தெரியல. கேக்கக் கூடாது. மொதல்ல நிறுத்தணும், வாயில பாதி வார்த்த இருந்தாலும். நின்னதும் மேடத்துக்கு நானே கூப்புட்டு எல்லாத்தையும் சொல்றேன், அடிச்சதையும் சொல்றேன், இப்ப இல்ல, இப்பப் பேசுனா மறுபடி அவள மதிக்காத மாதி